கோட்டு மாட்டிய பூனைகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மாமல்லபுரம். அங்கே 'அர்ச்சுனன் தபசு' பாறைச் சிற்பத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்த பிரம்மாண்டமான யானைகள் மீதுதான். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா? பின்னங்காலில் நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஆழ்ந்த தவத்தில் இருக்கிறார் பூனையார். மேலே ஒற்றைக் காலில் நிற்கிறாரே ஒரு தபசி, அவரை அப்படியே காப்பியடிக்கிற போஸ்! காலடியில் எலிகள். 'ஆஹா, திருந்திவிட்டார்' என்று நம்பி வந்துவிட்ட அப்பாவி எலிகள்!

கங்கை, தெய்வம், தேவகணங்கள் என்று கம்பீரமான விஷயங்களைச் செதுக்குகிற இடத்தில், ஒரு போலிச் சாமியார் பூனையையும் நைசாகச் செதுக்கிவிட்டுப் போனார் அந்தப் பல்லவச் சிற்பி. ஏழாம் நூற்றாண்டுக் குறும்பு! 1,300 ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிற்பியின் பெயரைத்தான் வரலாறு குறித்து வைக்கவில்லை.

கல்கத்தாவிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில், காளி கோயிலுக்கு வரும் பக்தர்களுக்குச் சல்லிக் காசுக்குப் படம் வரைந்து விற்ற காளிகாட் ஓவியர்கள் ஒரு பூனையை வரைந்தார்கள். நெற்றியில் பளிச்சென்று நாமம், வாயில் ஒரு இறால்! வெளியே சைவம், உள்ளே அசைவம் என்று வாழ்ந்த பெரிய மனிதர்களுக்கு வைத்த குட்டு அது. அந்தப் பூனை இன்று உலகின் பெரிய மியூசியங்களில் இருக்கிறது. வரைந்த பெரும்பாலோரின் பெயர் இல்லை.

மிருகங்களை வரைந்து மனிதர்களைச் சிரிக்க வைக்கிறவனை உலகம் ரசிக்கும். ஆனால், அவனை நிமிர்ந்து பார்க்காது! இதற்கு உச்சகட்ட உதாரணம் ஒருவர் உண்டு. அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தெரிந்தும் இருந்தது. அப்படியும் கடைசியில் அவரை எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஏழைகளுக்கான மனநோய் விடுதியின் ஒரு வார்டில்!

அவர்... லூயி வெய்ன்.

1860-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி லண்டனில் பிறந்தார் வெய்ன். அப்பா துணி வியாபாரம் சார்ந்த தொழிலில் இருந்தவர். அம்மா பிரெஞ்சுப் பெண்மணி. பிறக்கும்போதே பையனுக்கு மேலுதடு பிளந்திருந்தது. 'பத்து வயது வரை ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஸ்கூலில் சேர்த்தபோதும் பையன் கிளாஸில் உட்கார்ந்தால்தானே? கட் அடித்துவிட்டு லண்டன் தெருக்களில் சுற்றினான். கடைவீதி, கப்பல்துறை, வேடிக்கை பார்க்கும் கும்பல்... எதையும் விடவில்லை. பிற்காலத்தில் அவர் வரைந்த பூனைகளின் முகத்தில் தெரிந்த அத்தனை மனித பாவங்களுக்கும் அந்தத் தெருக்கள்தான் டிரெயினிங் காலேஜ் என்று சொல்லலாம்!

ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் ஆசிரியராகவும் இருந்தார். 1880-ல் அப்பா இறந்துபோனார். இருபது வயதுப் பையன் தலையில் குடும்பம் மொத்தமும் இறங்கியது. அம்மா, ஐந்து தங்கைகள்! (அந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.) வாத்தியார் சம்பளம் எந்த மூலைக்கு? வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்குப் படம் வரையக் கிளம்பினார் வெய்ன். கிராமத்துப் பண்ணை வீடுகள், விவசாயக் கண்காட்சியில் பரிசு வாங்கிய மாடுகள், ஆடுகள் என்று வரைந்து தள்ளினார். போட்டோவை அச்சடிப்பது சுலபமில்லாத காலம் அது. பத்திரிகையில் ஒரு பசு மாட்டைக் காட்ட வேண்டுமென்றால் ஓர் ஓவியர் போய் உட்கார்ந்து வரைந்தாக வேண்டும்! அந்த நாட்களில் வெய்னின் ஆசை ஒன்றே ஒன்றுதான். நாய்களின் படம் வரைந்து பிழைக்க வேண்டும். ஆமாம், நாய்!

பூனை வந்தது காதல் வழியாக.

தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தர வீட்டுக்கு வந்த ஆசிரியை எமிலி ரிச்சர்ட்சன். வெய்னைவிடப் பத்து வயது பெரியவர். 'வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள், அதுவும் வயதில் மூத்தவள்... அவளைப் போயா?' என்று குடும்பம் கொதித்தது. அக்கம்பக்கம் கிசுகிசுத்தது. வெய்ன் அசரவில்லை. 1884-ல் எமிலியைக் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார். அவருக்கு 23 வயது.

சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். படுத்த படுக்கையானார். அந்த வீட்டுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தெருப் பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. 'பீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். வலியோடு படுத்திருந்த எமிலிக்கு அந்தக் குட்டிதான் துணை. மனைவியைச் சிரிக்க வைப்பதற்காக, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீட்டரை விதவிதமாக வரைந்து காட்டினார் வெய்ன். 'இதையெல்லாம் பத்திரிகைக்குக் கொடுங்களேன்' என்று வற்புறுத்தியது எமிலிதான்.

1886-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் அது நடந்தது. 'பூனைக்குட்டிகளின் கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்று ஒரு படத் தொகுப்பு. சுமார் 150 பூனைகள்! அழைப்பிதழ் அனுப்புகின்றன, விளையாடுகின்றன, எழுந்து சொற்பொழிவு வேறு ஆற்றுகின்றன. அதில் பல பூனைகளுக்கு பீட்டரின் ஜாடை. இங்கிலாந்து குபீரென்று சிரித்தது. மாற்றி மாற்றிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது.

அந்த வெற்றியை எமிலி பார்த்தார். சில நாட்கள்தான். 1887 ஜனவரி பிறந்தவுடனேயே இறந்துபோனார். தன்னுடைய தொழிலுக்கே அஸ்திவாரம் பீட்டர்தான் என்று வெய்ன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

அதற்குப் பிறகு வெய்னின் பூனைகள் மெள்ள மெள்ள மாறத் தொடங்கின. முதலில் நாலு காலில் நடந்தவை, எழுந்து இரண்டு காலில் நின்றன. பிறகு கோட்டு மாட்டிக்கொண்டன. ஒற்றைக்கண் கண்ணாடி போட்டன. டீ குடித்தன, சீட்டு ஆடின, கோல்ஃப் அடித்தன, மீன் பிடிக்க தூண்டிலோடு போயின. கல்யாண வயசுப் பெண் பூனைக்குப் பின்னால் மீசையை முறுக்கிக்கொண்டு வாலிபப் பூனைகள் நின்றன! உணவு விடுதியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்களைப் பூனைகளாக வரைவது வெய்னின் வழக்கம். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயக் கனவான்கள் எவ்வளவு விறைப்பானவர்கள்! அவர்கள் முகத்துக்கு எதிரே யாராவது சிரிக்க முடியுமா? வெய்ன் அவர்களுக்கு மீசையோடு ஒரு வாலையும் சேர்த்துவிட்டார். கனவான்களே முதல் ஆளாகச் சிரித்தார்கள்!

1901 முதல் 'லூயி வெய்ன் ஆண்டு மலர்' வெளிவர ஆரம்பித்தது. குழந்தைகளுக்கான புத்தகங்கள் மட்டும் சுமார் நூறு. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான படங்கள். தபால் அட்டைகளுக்குக் கணக்கே இல்லை. தேசியப் பூனைகள் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். அதுவரை சாமானிய வீடுகளில் பூனை என்றால் எலி பிடிக்கிற வேலைக்காரன், அவ்வளவுதான். அது மடியில் உட்காரும் செல்லமாக மாறியதில் வெய்னின் படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். மனிதருக்கு விசித்திரமான தியரிகளும் இருந்தன. பூனையின் உடம்பில் மின்சாரம் ஓடுகிறது, அதனால்தான் அது வடக்கு திசையால் ஈர்க்கப்படுகிறது என்று சீரியஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஜனங்கள் அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இவ்வளவு புகழ் வந்தால் கொட்டோ கொட்டென்று பணம் கொட்டியிருக்க வேண்டாமா? அங்கேதான் கோட்டைவிட்டார்!

வெய்னுக்கு வியாபாரம் என்பது சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு படத்தை வரைவார், பதிப்பாளர் கொடுக்கிற தொகையை வாங்கிக்கொள்வார், படத்தின் மீதான அத்தனை உரிமையும் அத்தோடு கைமாறிவிடும். காப்பிரைட் என்ற சமாசாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. விற்ற படத்தைப் பதிப்பாளர் புத்தகமாகப் போடலாம், தபால் அட்டையாகப் போடலாம், பத்து வருஷம் கழித்து மறுபடியும் போடலாம். வரைந்தவருக்கு ஒரு பென்னி கிடையாது! இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பழைய வெய்ன் படங்கள் கையில் இலவசமாகக் கிடக்கும்போது, புது வெய்ன் படத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்? அதாவது, வெய்னுக்குப் போட்டியாக மார்க்கெட்டில் நின்றவர் வெய்னேதான்!

வீட்டிலோ துக்கத்துக்கு மேல் துக்கம். நூற்றாண்டு பிறந்த கையோடு தங்கை மேரிக்கு மனநிலை பாதிக்கப்பட்டு, மனநோய் விடுதியில் சேர்க்க வேண்டி வந்தது. திரும்பி வராமலே 1913-ல் அங்கேயே இறந்துபோனார் மேரி. இடையில், 1907-ல் அமெரிக்கா போய்ப் பார்த்தார் வெய்ன். நியூயார்க்கில், பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட்டின் நாளிதழ்களில் பூனை கார்ட்டூன்கள் வரைந்தார். படங்களுக்கு நல்ல பெயர். ஆனால், சம்பாதித்ததை யாரோ சொன்ன புதுமாதிரி விளக்கு ஒன்றில் முதலீடு செய்து தொலைத்தார். 1910-ல் ஊர் திரும்பினால், அம்மா உயிரோடு இல்லை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஒரு பஸ்ஸிலிருந்து கீழே விழுந்து வெய்னுக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்து எழுந்து வந்தால் தொழில் படுத்துவிட்டிருந்தது. போரினால் காகிதத் தட்டுப்பாடு. பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடுகளில் டீ குடிக்கும் பூனையைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? 1917-ல் இன்னொரு தங்கை காரலினும் போய்ச் சேர்ந்தார்.

வெய்னின் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் புரண்டது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ராத்திரியெல்லாம் வீட்டு சாமான்களை இடம் மாற்றி மாற்றி வைப்பார். சினிமாத் திரையின் மினுமினுப்பு தன் தங்கைகளின் மூளையிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிவிட்டது என்பார். அதே பழைய மின்சாரம்! இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க யாருக்காக உழைத்தாரோ, அந்தத் தங்கைகள் மீதே கை வைக்கத் தொடங்கியபோது அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. 1924 ஜூனில், மனநிலை பிறழ்ந்தவர் என்று சான்றிதழ் கொடுக்கப்பட்டு, லண்டனின் ஸ்பிரிங்ஃபீல்டு மருத்துவமனையில் ஏழைகளுக்கான வார்டில் சேர்க்கப்பட்டார் லூயி வெய்ன். தனி அறைக்குப் பணம் கட்ட யாரிடமும் காசில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்தார். வீட்டுக்கு வீடு அலமாரியில் அவர் பூனைகள் சிரித்துக்கொண்டிருந்தன. அவர் எங்கே என்று கேட்க நாதியில்லை.

1925-ல் டான் ரைடர் என்கிற புத்தகக் கடைக்காரர், மருத்துவமனைகளைப் பார்வையிடும் குழுவில் ஒருவராக அந்த வார்டுக்குள் நுழைந்தார். ஒரு மூலையில் வயதான நோயாளி ஒருவர் அமைதியாகப் பூனை வரைந்துகொண்டிருந்தார். ரைடருக்கு ஆச்சரியம். 'அட, லூயி வெய்ன் மாதிரியே வரைகிறீர்களே!' என்கிற தினுசில் பேச்சுக் கொடுத்தார். அவர் நிதானமாக, தான்தான் லூயி வெய்ன் என்றார். ரைடர் முதலில் நம்பவில்லை!

ரைடர் சும்மா இருக்கவில்லை. வெளியே வந்து ஊரைக் கூட்டினார். நிதி திரட்ட ஒரு குழு அமைந்தது. விஞ்ஞானக் கதைகளின் பிதாமகர் ஹெச்.ஜி.வெல்ஸ் வெய்னுக்காகப் பேசினார். பூனைகளுக்கென்றே ஒரு தனி உலகத்தை, தனி சமூகத்தைப் படைத்தவர் வெய்ன்; அவருடைய பூனை மாதிரி இல்லாத ஆங்கிலேயப் பூனைகள் தங்களை நினைத்து வெட்கப்படுகின்றன என்று வெல்ஸ் சொன்னது மிகவும் பிரபலம். முன்னாள் பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் குரல் கொடுத்தார். வெய்ன், பெத்லெம் மருத்துவமனையில் ஒரு நல்ல அறைக்கு மாற்றப்பட்டார். (ஆங்கிலத்தில் கூச்சல், குழப்பத்துக்கு 'பெட்லம்' என்று ஒரு வார்த்தை உண்டு. அது பிறந்ததே இந்த மருத்துவமனையின் பெயரிலிருந்துதான்!) 1930-ல் லண்டனுக்கு வெளியே, நாப்ஸ்பரி மருத்துவமனைக்குப் போனார். அங்கே தோட்டம் இருந்தது. தோட்டத்தில் நிஜப் பூனைகளும் இருந்தன! தன்பாட்டுக்கு வரைந்துகொண்டே வாழ்ந்தவர், 1939 ஜூலை 4-ம் தேதி, 79-வது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் 'பாவம்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். செத்த பிறகும் அவரை விடவில்லையே!

அதே 1939. மனநோயாளிகளின் ஓவியங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் மெக்லே என்கிற மனநல மருத்துவர், லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ஒரு கடையில் வெய்னின் படங்கள் சிலவற்றைப் பார்த்து வாங்கினார். எட்டுப் படங்கள். சிலவற்றில் சாதாரண, அழகான பூனை. சிலவற்றில் ரோமமெல்லாம் வண்ணச் சிதறலாக, கண்கள் பிதுங்கிய பூனை. சிலவற்றில் பூனையே தெரியவில்லை. கலைடாஸ்கோப்பில் பார்ப்பதுபோல் வெறும் கோலங்கள். டாக்டர் அவற்றை வரிசையாக அடுக்கினார். சாதாரணப் பூனை முதலில், கோலம் கடைசியில். 'பாருங்கள், மனநோய் முற்ற முற்ற ஓர் ஓவியனின் மனம் எப்படிச் சிதறுகிறது!' என்று அந்த வரிசை சொல்லாமல் சொல்லியது.

பிரமாதமான சாட்சியம் இல்லையா? உளவியல் பாடப் புத்தகங்கள் அதை அள்ளிக்கொண்டன. பல பத்தாண்டுகள், மாணவர்கள் 'ஸ்கிஸோஃப்ரினியா' பாடத்தில் அந்தப் பூனைகளைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு சின்னப் பிரச்னை. அந்தப் படங்களில் வெய்ன் தேதியே போடவில்லை!

எது முதலில் வரைந்தது, எது பிறகு வரைந்தது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் மனதில் ஒரு தியரி இருந்தது, அதற்கு ஏற்ற மாதிரி படங்களை அடுக்கினார், அடுக்கிய வரிசையையே தியரிக்கு ஆதாரமாகவும் காட்டியாகிவிட்டது! உயரமான பையனை முதலிலும் குள்ளமானவனைக் கடைசியிலும் நிற்க வைத்துவிட்டு, 'பையன்கள் வரவர உயரம் குறைகிறார்கள்' என்று சொல்கிற மாதிரி!

வெய்னின் வாழ்க்கையை எழுதிய ராட்னி டேல் உட்படப் பலர் பிறகு இதைக் கேள்வி கேட்டார்கள். அப்பா துணி வியாபாரம், வீட்டில் எம்பிராய்டரி வேலை என்று நுணுக்கமான கோலங்களுக்கு நடுவே வளர்ந்தவர் வெய்ன். அந்த வண்ணப் பின்னல்களை அவர் ஆசைக்காக, பரீட்சார்த்தமாக வரைந்து பார்த்திருக்கலாம் அல்லவா? அவருக்கு என்ன நோய் என்பதிலேயே இன்று டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. வெய்னின் மனம் பாதிக்கப்பட்டது நிஜம். அவர் தூரிகையும் சேர்ந்து சிதறியது என்பதுதான் கட்டுக்கதை.

இதற்கு அசைக்க முடியாத ஓர் ஆதாரம் உண்டு. பெத்லெம் மருத்துவமனையில் இருந்தபோது, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக அங்கிருந்த நிலைக்கண்ணாடிகளின் மீது வெய்ன் படம் வரைந்தார். அவர் அங்கே இருந்தது 1925-க்கும் 1930-க்கும் இடையில். அதாவது, 'மனநிலை பிறழ்ந்தவர்' என்று சான்றிதழ் வாங்கிய பிறகு! டாக்டரின் வரிசைப்படி பார்த்தால் இந்தக் காலத்தில் அவர் கையிலிருந்து கலைடாஸ்கோப் கோலங்கள்தான் வந்திருக்க வேண்டும். கண்ணாடியில் இருப்பது என்ன? கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற, குண்டுக் கன்னங்களோடு குஷியாகச் சிரிக்கிற அதே பழைய வெய்ன் பூனைகள்!

இன்று வெய்னின் ஒரிஜினல் ஓவியங்களை ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். 2021-ல் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிக்க, அவர் வாழ்க்கை சினிமாவாகவே வந்துவிட்டது. எமிலி, பீட்டர், மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனாலும், அந்த எட்டுப் பூனைகளின் வரிசை மட்டும் இன்னமும் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த முறை யாராவது உங்கள் செல்போனுக்கு அதை அனுப்பி, 'ஒரு பைத்தியக்காரனின் மூளைக்குள் என்ன நடக்கிறது பார்' என்று சொன்னால், 'படத்தில் தேதி எங்கே?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த நிலைக்கண்ணாடிகளை பெத்லெமின் மியூசியம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. அவற்றுக்கு எதிரே போய் நிற்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். ஏனென்றால், அந்தப் பூனைக் கூட்டத்துக்கு நடுவே அவர்களுடைய முகமும் தெரிகிறது!